வெள்ளைப் பூ வந்த நாள்

என் மனைவி தெய்வத்திடம் அதிகம் கேட்பவள் அல்லள். கோயிலுக்குப் போவாள், கும்பிடுவாள், திருநீறு பூசிக்கொண்டு திரும்புவாள். என்ன வேண்டினீர் என்று கேட்டால், "சும்மா பாத்திட்டு வந்தனான். எல்லாரும் கேட்டுக் கேட்டு அவரும் களைச்சுப்போயிருப்பார்" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை நேரடியாக ஒரு தீர்ப்பைக் கேட்டுப் பிள்ளையார் முன்னால் பூக்கட்டி வைத்தாள். எங்கள் மகள் எந்த மருத்துவக் கல்லூரிக்குப் போவது என்பதே வழக்கு.

சென்ற மாதம், மனைவி இறந்து ஓராண்டு நிறைந்து, ஆட்டைத் திவசம் முடிந்தது. சமையலுக்கு வந்தவர்கள் கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். உறவினர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார்கள். வீடு அடங்கிய பிறகு அவளைப் பற்றி நினைத்தபோது நோயில் கிடந்த மாதங்கள் எனக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. பூக்கட்டிய அந்த நாளே வந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. வந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

மகள் எங்களுக்குக் காலம் பிந்திப் பிறந்தவள். வேறு பிள்ளைகள் இல்லை. உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தும் இந்நாட்டு மருத்துவ பீடம் எதிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி இங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கண்டி மாவட்டத்தின் புள்ளி எப்போதும் உயரமானது. அதற்கு மயிரிழை கீழே அவள் நின்றாள். மூன்று ஏயுடன் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றி இந்நாட்டுப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருவோர் போவோர் எல்லாரும் துக்கம் விசாரிக்கும் குரலில் வாழ்த்துச் சொன்னார்கள்.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. வெளிநாடுகளுக்கு விண்ணப்பித்தாள், இணையவழி நேர்முகங்களுக்குத் தலைவாரி, பொட்டு வைத்து, மேலே நல்ல சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்தாள். ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. ஒன்று இலண்டனில், இங்கிலாந்தின் பழம்பெரும் மருத்துவக் கல்லூரி. பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்திலும் தெரியும், தொறொன்ரோவிலும் தெரியும். அங்கே இடம் உண்டு, உதவிப்பணம் இல்லை. மற்றது வங்காளதேசத்தில், டாக்காவிலிருந்து தொலைவில் ஒரு மாவட்ட நகரத்து மருத்துவக் கல்லூரி. அந்த நகரத்தின் பெயரைச் சரியாக உச்சரிக்க எங்கள் மூவருக்கும் பல நாள் பிடித்தது. அங்கே படிப்பு, விடுதி, உணவு எல்லாவற்றையும் அவர்களுடைய அரசாங்கமே ஏற்கும் முழுப் புலமைப்பரிசில்.

இங்கிலாந்து என்றால் வீட்டை விற்க வேண்டும். விற்பதற்கு எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. ஆகவே நாங்கள் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது இரண்டு கல்லூரிகளுக்கு இடையில் என்று வெளியே சொன்னாலும், வீட்டுக்குள்ளே அது வேறு விதமாக இருந்தது: மகளுக்குப் பெயர்பெற்ற கல்லூரியா, மனைவிக்கு வீடா.

வீடு ஹந்தானை மலையின் அடிவாரச் சரிவில் இருக்கிறது. பெரிய வீடன்று. நான் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் கற்பித்துக்கொண்டும், அவள் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டும் இருந்த காலத்தில் இருவர் பேரிலும் கடன் எடுத்துக் கட்டினோம். முன்பக்கத்துச் சரிவை அவள் படிப்படியாக வெட்டுவித்து நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் வைத்தாள். மண் சரியும், அத்திவாரத்துக்கு நல்லதன்று என்று என் துறை சார்ந்து எச்சரித்தேன். "உங்கடை கல்லுக்கு வேர் ஓடாது, என்ரை செடிக்கு ஓடும்" என்றாள். இன்றுவரை மண் சரியவில்லை.

அவளுக்கு இது இரண்டாவது வீடு. பிறந்து வளர்ந்த வீடு யாழ்ப்பாணத்தில், யுத்த காலத்தில் படையினர் எடுத்துக்கொண்ட பகுதிக்குள் போய்விட்டது. நெடுங்காலத்துக்குப் பின் ஆட்களை விட்டபோது நாங்களும் போய்ப் பார்த்தோம். வீடும் இல்லை, எல்லைக் கற்களும் இல்லை. அவள் அந்த வளவின் நடுவில் நின்று, இது குசினி, இது சாமியறை என்று கையால் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டின் கதவுகளை இரவில் பூட்டும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். பூட்டிய பின் கதவின் மரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வருவாள்.

அப்படியிருந்தும் விற்போம் என்றவள் அவள்தான். வேண்டாம் என்றவன் நான்.

பெயரின் மதிப்பு எனக்குத் தெரியாததன்று. நான் கலாநிதிப் பட்டம் பெற்றதும் இங்கிலாந்தில்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்காகவே கூட்டங்களில் என்னை முதலில் பேச அழைத்திருக்கிறார்கள். பேசியது சரியா என்பதைப் பிறகுதான் பார்த்தார்கள். ஆனால் நான் போனது புலமைப்பரிசிலில். என் தாய் தந்தையர் அதற்காக ஒரு கதவு நிலையைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் மனைவி எழுந்து போய்விடுவாள். பதில் அவளுடைய தம்பியிடமிருந்து வரும். அவன் இலண்டனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான்.

"அத்தான், உங்களுக்குப் படிக்க இங்கிலாந்து வேணும். பிள்ளைக்கு மட்டும் பங்களாதேஷோ?"

"எனக்கு இங்கிலாந்து சும்மா தந்தது தம்பி. பிள்ளைக்குப் பங்களாதேஷ் சும்மா தருது. ரெண்டும் ஒண்டுதான்."

"சும்மா தாறதுக்கு ஒரு காரணம் இருக்குமெல்லே? இஞ்சை எங்கடை றோட்டிலை கறிக்கடை முழுக்க அந்த ஊர் ஆக்கள்தான். நான் அவையளிட்டைக் கேட்டனான். அந்த ரவுண் எங்கையெண்டு அவங்களுக்கே தெரியேல்லை."

மகள் பக்கத்தில் இருந்து, "மாமா, கறி நல்லாயிருக்குமோ எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. அஞ்சு வருசம் சாப்பிடவேணும்" என்றாள். அவன் சிரித்துவிட்டு, கோபத்தைத் தொடர மறந்துபோனான்.

வீட்டைப் பார்க்க ஒருவரும் வந்தார். கெலிஓயாவில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி; என் மாணவர் ஒருவருக்கு வேண்டியவர். தன் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது சீதனமாகக் கொடுக்க வீடு தேடுவதாகச் சொன்னார். மனைவியே அவரை அழைத்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். மழைக்கு எந்த யன்னல் ஒழுகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தேநீர் குடித்தார், சரிவில் இறங்கி மண்ணைப் பார்த்தார், போகும்போது என்னைத் தனியே வாசற் படலைக்கு அழைத்தார்.

"ஊடு நல்லா ஈக்கி சேர். எனக்கி புடிச்சிட்டு. ஆனா நான் அவசரப்பட மாட்டன்."

"ஏன், வேறையும் பாக்கிறீங்களோ?"

"அப்பிடியில்ல சேர். டீச்சர் ஒவ்வொரு அறையா காட்டி வெளிய வரக்கொள்ள லைட்ட நிப்பாட்டிட்டு வந்தாங்க. விக்கப் போற ஊட்டுக்கு கரண்ட் பில்லப் பாக்கிறவங்க விக்க மாட்டாங்க. டீச்சர் மனசார விக்கிறன்டு செல்லட்டும், அப்ப வாறன்."

இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

இரண்டு கல்லூரிகளும் விடை கேட்ட நாள் நெருங்கியது. வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு, புளி பற்றிப் பேசினோம். மகள் எங்கள் இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டால், "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டு சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு நான் சொல்லுறன்" என்பாள். நாங்கள் இருவரும் ஒன்று சொல்லவில்லை.

அப்போதுதான் மனைவி, பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள்.

அந்த வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து, வேற்றுமை தெரியாதபடி ஒரே அளவாகக் கட்டிச் சுவாமியின் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் குருக்கள் ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் ஆம். சிவப்பு வந்தால் இல்லை. இதில் அவளுடைய ஊரார் சில விதிகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்வார்கள். கேள்வியை மனத்துக்குள் மட்டுமே சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கட்டலாம்; வந்த விடை பிடிக்கவில்லை என்று மறுபடி போய் நிற்கக் கூடாது.

நான் உடன்பட்டேன். பாறைகளின் வயதைக் கணிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் பூவுக்குக் கட்டுப்படலாமா என்று நண்பர்கள் பின்னர் கேட்டார்கள். எனக்கு அதில் இழுக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டு பேர் நேர்மையாக மாறுபட்டு நிற்கும்போது, இருவரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவரிடம் போவது நீதிமன்றங்களிலும் உள்ள நடைமுறைதான்.

காலையில் அவள் சரிவிலிருந்து ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரத்தையும் பறித்து, வாழையிலைத் துண்டுகளில் பொதிந்து நாரால் கட்டினாள். மூவரும் நகரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குருக்கள் மலையகத்தைச் சேர்ந்த இளைஞர்; எங்களை நன்கு அறிந்தவர். பொதிகளைத் தட்டில் வாங்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், நீங்களுமா? கல்யாண விஷயமா, வெளிநாட்டு விஷயமா?"

"சொல்லக் கூடாது ஐயா" என்றாள் மனைவி.

"எங்கிட்டச் சொல்லாட்டி பரவாயில்லம்மா. அவருகிட்ட மட்டும் தெளிவாச் சொல்லிருங்க."

மூவரும் கண்ணை மூடினோம். மணி ஓய்ந்த பிறகு அவர் ஒரு பொதியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். அவள் நாரை அவிழ்த்தாள். வெள்ளைப் பூ.

அவளுடைய முகம் மலர்ந்தது. அதைக் கண்டு எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது? என் எண்ணம் நிறைவேறியதைவிட, அதற்கு அவள் இவ்வளவு மகிழ்ச்சியோடு தலைசாய்த்தது எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் பூவை மகளின் தலையில் வைத்தாள். "சரி, முடிஞ்சுது. இனி ஒருதரும் ஒண்டும் கதைக்கக் கூடாது" என்றாள். நான், "ஓம், முடிஞ்சுது" என்றேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

அன்று நாங்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வாவிக் கரையில் நடந்தோம். பல வாரங்களுக்குப் பின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். ஒரு கடையில் தேநீரும் வாய்ப்பனும் வாங்கிச் சாப்பிட்டோம். எதிரே மலைச் சரிவுகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு சந்தோஷமாக இருந்த பொழுதுகளை எண்ணிப் பார்த்தால் அந்த முற்பகல் அவற்றுள் ஒன்று. அது தவறான புரிதலின் மேல் நின்ற சந்தோஷம் என்பதனால் அதன் பெறுமதி எனக்குக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் எழுத்து மேசையில் அமர்ந்து, புலமைப்பரிசிலை ஏற்றுக்கொள்வதாக மின்னஞ்சல் ஒன்றை மகளின் சார்பில் வரைந்துகொண்டிருந்தேன். அடுத்த அறையில் மனைவி தம்பியோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. வெள்ளைப் பூ வந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி சொல்லுறான், குளிர் உடுப்பு ஒண்டும் இஞ்சை வாங்க வேண்டாமாம். அங்கை நல்லது மலிவா வாங்கலாமாம்."

"அங்கை என்ன பெரிய குளிர்? மார்கழியிலை கொஞ்சம் பனி விழும், அவ்வளவுதான். ஒரு கம்பளிச் சட்டை காணும்."

"லண்டனிலை கம்பளிச் சட்டை காணுமோ?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"இஞ்சாரும். நீர் பிள்ளையாரிட்டை என்ன கேட்டனீர்?"

"லண்டனுக்கு விடலாமோ எண்டு. நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"புலமைப்பரிசிலை எடுக்கலாமோ எண்டு."

அவள் கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் அந்த மனிசன். ரெண்டு பேருக்கும் ஓமெண்டிட்டார். ஒரு வீட்டிலை இருந்து போய் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் அவர் என்ன செய்வார்?"

நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு மகள் வந்தாள். பூ இன்னும் அவள் தலையில் இருந்தது. நடந்ததைச் சொன்னோம்.

"நீ என்ன கேட்டனி பிள்ளை?" என்றாள் மனைவி.

"நானோ? இண்டைக்கு வடை குடுப்பினமோ எண்டு கேட்டனான். வெள்ளைப் பூ வந்தது, வடை வரேல்லை. அப்ப இந்தத் தீர்ப்பை ஒண்டுக்கும் நம்பேலாது."

சிரித்து ஓய்ந்ததும் நிலைமை விளங்கியது. விடை வந்துவிட்டது, ஆனால் எந்தக் கேள்விக்கு என்று தெரியவில்லை. மறுபடி போய்க் கேட்கவும் முடியாது. இனி எங்கள் வாயால்தான் பேச வேண்டும். அந்த மேசையைச் சுற்றியே மூவரும் அமர்ந்தோம். ஒன்றாகச் சிரித்திருந்ததனால் பேச்சு இலகுவாக வந்தது.

மனைவி தொடங்கினாள். "எங்கடை ஐயாவுக்கு, உன்ரை அம்மப்பாவுக்கு, நெஞ்சு வருத்தம் வந்து கிடக்கேக்கை, ரவுணிலை ஒரு டாக்குத்தரிட்டைக் கொண்டு போவினம். அவரின்ரை வாசலிலை ஒரு பலகை. பெயருக்குக் கீழை லண்டன் எண்டு எழுதியிருக்கும். நான் வெளியிலை மர வாங்கிலை இருந்து அதையே எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கொண்டிருப்பன். இவர் லண்டனிலை படிச்சவர், ஐயா பிழைச்சிடுவார் எண்டு நினைப்பன்."

"பிழைச்சவரோ?" என்றாள் மகள்.

"பிழைச்சவர். என்ரை கலியாணத்துக்கும் இருந்தவர். அப்பிடியொரு பலகையிலை உன்ரை பெயரைப் பாக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. வேறை ஒண்டுமில்லை."

இத்தனை வருட மணவாழ்வில் அதை நான் முதன்முறையாகக் கேட்டேன். அதுவரை அவளுடைய விருப்பத்தை உறவினர் முன் பெருமை பேசும் ஆசையாகவே எடைபோட்டிருந்தேன். இப்போது அதற்கு எதிராகப் பேச எனக்கு வரவில்லை. என் பக்கத்துக் காரணத்தை மட்டும் சொன்னேன்.

"உம்மடை வீடு ஒண்டு ஏற்கனவே போயிட்டுது. இன்னொண்டு போறதை நான் பாக்கேலாது."

"போன வீட்டை நான்தான் அந்த வளவிலை நிண்டு பாத்தனான். அண்டைக்கே எனக்குப் பயம் முடிஞ்சுது. இனி எது போனாலும் இருப்பன்."

"எனக்குப் பயம் முடியேல்லை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

பின்பு மகள் பேசினாள். நாங்கள் இருவரும் ஒன்று சொல்லட்டும் என்று காத்திருந்தவள், அது நடக்காது என்று கண்டுகொண்டாள் போலும்.

"நான் பங்களாதேஷுக்குப் போறன்."

"வீட்டுக்காக எண்டால் போகாதை" என்றாள் மனைவி உடனே. "நான் நாளைக்கே அந்தக் கெலிஓயா ஆளுக்குச் சொல்லுவன்."

"வீட்டுக்காக இல்லை அம்மா. எனக்காகத்தான். லண்டனிலை இருந்து நான் படிக்கமாட்டன், கணக்குத்தான் பாப்பன். முதலாம் வருசத்துக்கு விறாந்தை போச்சு. ரெண்டாம் வருசத்துக்குக் குசினி போச்சு. ஒரு சோதினையிலை பெயில் விட்டால் உங்கடை பூமரம் எல்லாம் போச்சு. அப்பிடி ஒவ்வொரு அறையாத் திண்டு என்னாலை டாக்குத்தராக ஏலாது. அங்கை எண்டால் நான் புத்தகத்தை மட்டும் பாக்கலாம்."

"பிறகு கவலைப்படமாட்டியோ?"

"படுவன். படேக்கை உங்களுக்கு ஃபோன் எடுப்பன். நீங்கள் அப்ப 'நான் அப்பவே சொன்னனான்' எண்டு மட்டும் சொல்லக் கூடாது."

மனைவி மகளின் தலையில் சரிந்திருந்த பூவைச் சரிசெய்தாள். "சரி, சொல்லமாட்டன்" என்றாள்.

அந்த ஒரு வாக்கை அவள் காத்த விதத்துக்காகவே இதை எழுதுகிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் உடனே மனம் மாறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். கேட்டவர்களுக்குப் பல மாதங்கள், "மகள் வெளிநாட்டிலை மெடிசின் செய்யிறா" என்று மட்டும் சொன்னாள். எந்த நாடு என்று கேட்காமல் ஒருவர் தாமாகவே இலண்டன் என்று ஊகித்தபோது அவரைத் திருத்தவும் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் மகள் அழைத்த போதெல்லாம் வேறொருத்தியாக இருந்தாள். முதல் வருடம் மொழி புரியாமல், நோயாளர்களிடம் எங்கே நோகிறது என்று கேட்கத் தெரியாமல் மகள் அழுதாள். மனைவி அந்த மொழியில் அந்த ஒரு வாக்கியத்தைத் தானும் படித்துக்கொண்டு, தொலைபேசியில் நோயாளியாக நடித்துப் பயிற்சி கொடுத்தாள். மழைவெள்ளம் விடுதியைச் சூழ்ந்தபோது, மின்சாரம் இல்லாத கோடையில், உடன்படித்த பிள்ளைகள் சிலர் படிப்பை விட்டு நாடு திரும்பியபோது, 'நான் அப்பவே சொன்னனான்' என்ற சொற்கள் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வரவேயில்லை.

படித்து முடித்துத் திரும்பியதும், வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கு இங்கே நடத்தும் தகுதிகாண் பரீட்சையில் முதல் தடவை மகள் சித்தியடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அழைப்பு வந்தது. அன்பானவன்தான், ஆனால் அடக்க முடியவில்லை.

"அக்கா, நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்."

"நீ சொன்னனி" என்றாள் மனைவி. "நான் சொல்லேல்லை. பிள்ளை படிச்சுக்கொண்டிருக்கிறாள், பிறகு எடு."

அடுத்த முறை மகள் சித்தியடைந்தாள். உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு தெல்தோட்டைப் பக்கத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் நியமனம் கிடைத்தது; சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அந்த வருடமே மனைவியின் நோய் வெளிப்பட்டது.

நோயைப் பற்றி விரிவாக எழுத நான் விரும்பவில்லை. அவள் இந்த வீட்டில், மலை தெரியும் அறையில் இருந்தாள். கைப்பிடித்து நடக்க முடிந்த வரை முன்பக்கத்துப் படிகளில் காலையில் இறங்கினாள். பிறகு யன்னலால் பார்த்தாள். மகள் வார இறுதிகளில் கலஹா வழி பஸ்ஸில் வந்தாள். கடைசி மாதத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊசிகளை அவளே போட்டாள். மற்றவர்கள் போட்டால் முகத்தைச் சுளிக்கும் மனைவி, மகள் போட்ட பின், "போட்டிட்டியோ?" என்று கேட்பாள். அது வேண்டுமென்றே கேட்டது என்று மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்ற வழியில் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் அறியேன். மகள் இன்னும் பெரிய வைத்தியராக வந்திருக்கலாம். எங்களுக்கு வாடகை வீடொன்றும் போதுமானதாக இருந்திருக்கலாம். நடக்காததை அளக்கும் கருவி என் துறையிலும் இல்லை, வேறு துறையிலும் இல்லை. ஆனால் நடந்தவற்றுக்கு நன்றி சொல்ல எனக்குக் கருவி வேண்டியதில்லை. தன் ஆசையை எங்கள் முன்னால் எடுத்து வைத்து, அதை மகள் மறுத்தபோது மறுபடி ஒருபோதும் எடுத்துக் காட்டாத ஒருத்தியோடு நான் வாழ்ந்தேன். அவள் தன் படுக்கையில், தன் கூரையின் கீழ் கண்மூடினாள். இரண்டும் எனக்குக் கிடைத்தன.

திவசத்துக்கு அடுத்த சனிக்கிழமை மகள் வந்திருந்தாள். இருவரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சமைத்த பருப்பில் உப்புக் கூடியிருந்தது. அவள் அதைச் சோற்றில் பிசைந்துகொண்டாள். வைத்தியசாலையில் நடந்த ஒன்றைச் சொன்னாள். தோட்டத்து அம்மா ஒருவர், கொழுந்தெடுக்கும்போது காலில் வெட்டுப்பட்டு வந்தவர், மருந்து கட்டும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தாராம்.

"எங்க டாக்டரம்மா படிச்சீங்க, கொழும்பிலயா?"

"இல்லம்மா, பங்களாதேஷில."

"அது எங்கிட்டு இருக்கு? கடலத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"அங்க யாரு இருக்கா ஒங்களுக்கு? சோறெல்லாம் யாரு போட்டா?"

மகள் அதுவரை சிரித்துக்கொண்டே சொல்லி வந்தாள். அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"நீ என்ன சொன்னனி?" என்றேன்.

"அந்த ஊர்க்காரர் போட்டவை எண்டு சொன்னனான். அஞ்சு வருசமும். ஒரு நாளும் கணக்குக் கேக்கேல்லை எண்டும் சொன்னனான்."

"அதுக்கு அவ?"

"'நல்லா இருக்கட்டும்' எண்டா. பிறகு கால் நோகுது, மெல்லமாக் கட்டுங்க எண்டா."

அவள் இன்னொரு கரண்டி பருப்பைப் போட்டுக்கொண்டாள். நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். பெயரை உச்சரிக்கவே பல நாள் பிடித்த ஒரு நகரத்தில், முகம் தெரியாத யாரோ என் பிள்ளைக்குச் சோறு போட்டார்கள் என்பதை அந்த வடிவத்தில் நான் எண்ணிப் பார்த்தது அன்றுதான். அவர்களும் நல்லா இருக்கட்டும்.